லைனில் நிற்கப் போகிறவளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது

2020 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் கமலா ஹாரிஸ் 'சித்தி' என்ற ஒரு சொல்லை உச்சரித்ததும் நம் ஊரில் கொண்டாடித் தீர்த்தார்கள். அதே பேச்சில், தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கிக்கொண்டு போன அதே இடத்தில், இன்னொரு பெயரும் வந்தது: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கல்லூரிப் பெண்கள் சங்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் காதில் அதுதான் முதலில் விழுந்திருக்கும். அவர் துணை அதிபர் வேட்பாளரான அந்த நாட்களில் 19.08 டாலர் என்ற விநோதமான தொகையில் நன்கொடைகள் வந்து குவிந்தன. 1908 அந்தச் சங்கம் பிறந்த வருடம். ஹாரிஸ் அதில் சேர்ந்தது 1986-இல், வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், 38 பேர் கொண்ட ஒரு 'லைனில்' நின்று. ஒன்றாகச் சேரும் புதியவர்களின் அணிக்குத்தான் லைன் என்று பெயர்.

இந்தச் சங்கங்களைச் சொராரிட்டி என்பார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பட்டம் வாங்கியதும் மறந்துபோகிற மன்றம் இல்லை, சாகும்வரை உறுப்பினர். கறுப்பினப் பெண்களுக்கென்று எழுந்த பெரிய சொராரிட்டிகள் நான்கு. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (இதை ஏ-கே-ஏ என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும், சேர்த்து வாசித்தால் 'அக்கா' ஆகிவிடும், அதுவும் ஒருவகையில் பொருத்தம்தான்), 1913-இல் டெல்டா சிக்மா தீட்டா, 1920-இல் ஜீட்டா ஃபை பீட்டா. இந்த மூன்றும் ஹோவர்டில் பிறந்தவை. நான்காவதான சிக்மா காமா ரோவை 1922-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கினார்கள். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு இண்டியானாவில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஆண்களின் ஐந்து சங்கங்களையும் சேர்த்தால் ஒன்பது. 'டிவைன் நைன்' என்று செல்லப் பெயர்.

புது உறுப்பினர்களைச் சேர்க்கும் பருவத்துக்கு இன்டேக் என்று பெயர். ஒரு கிளை அதை நன்றாக நடத்துகிறதா, சொதப்புகிறதா என்பது சடங்கு நாளில் தெரிவதில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதத்திலும் பிந்தைய ஆறு மாதத்திலும்தான் தெரியும். நடுவில் இருக்கும் அதிகாரபூர்வக் காலம் மிகக் குறுகியது. ஏன் அப்படிச் சுருங்கியது, சுருங்கியதால் விழுந்த ஓட்டையை எதை வைத்து அடைக்கிறார்கள் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: சடங்குக்குள் என்ன நடக்கும் என்பது உறுப்பினர்களுக்கு மட்டுமானது. இங்கே எழுதுவது வாசலுக்கு வெளியே இருப்பதை மட்டும்.

முதல் பாடம் வாயை மூடிக்கொண்டிருப்பது. வெள்ளையர் சொராரிட்டிகளில் பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, எல்லாரும் அறியப் பெயர் கொடுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு கிளை இந்த வருடம் ஆள் எடுக்குமா என்பதே அறிவிப்பு வரும்வரை வெளியே தெரியாது. ஆர்வம் இருக்கிற பெண் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. 'டிஸ்கிரீஷன்' என்று இதற்குப் பெயர். சொல்லாமல் எப்படித் தெரியவரும்? நிகழ்ச்சிகளுக்குப் போய்த்தான். ரத்ததான முகாமில் நாற்காலி அடுக்க, வாக்காளர் பதிவு மேசையில் படிவம் நிரப்ப, உணவு வங்கியில் மூட்டை தூக்க ஒரு பெண் தொடர்ந்து வந்தால் கிளைக்காரர்கள் கண்ணில் படாமல் போகாது. கெடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏ-கே-ஏ நிகழ்ச்சிக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் உடுத்தி, முத்துமாலை போட்டுக்கொண்டு வருவது. டெல்டா கூட்டத்துக்குக் கருஞ்சிவப்பில் வருவது. இன்ஸ்டாகிராமில் சங்கத்தின் கைமுத்திரையைக் காட்டுவது. உறுப்பினர்கள் தங்களுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொள்ளும் 'சொரோர்' என்ற சொல்லை இவளும் சொல்வது. கல்யாணம் நிச்சயமாகும் முன்பே மாமியார் வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது போல. அந்த நிறங்களைத் தவிர்த்து, ஒழுங்கான சாதாரண உடையில் வந்தால் போதும்.

அறிவிப்பு வந்துவிட்டால் எல்லாம் வேகமாக நடக்கும். தகவல் கூட்டத்துக்கும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கும் இடையே சில நாட்கள்தான் கிடைக்கலாம். பத்து மணிக்குக் கதவைச் சாத்துவோம் என்று போட்டிருந்தால் பத்து மணிக்குச் சாத்துவார்கள். பத்து ஒன்றுக்கு ஓடி வருகிறவள் அடுத்த இன்டேக்வரை, அதாவது ஒரு வருடமோ இரண்டோ, காத்திருக்க வேண்டியதுதான். அதனால் தாள்களெல்லாம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பெண்கள் அதிகம் கழன்று விழுவது நேர்காணலில் அல்ல, இந்தத் தாள் வேலையில்தான்.

மதிப்பெண் சராசரி 4.0 அளவுகோலில் 2.5-ஐ ஒட்டியே அடிமட்ட வரம்பாக இருக்கும். வளாகமோ கிளையோ அதற்கு மேலும் எதிர்பார்க்கலாம். 2.49-ஐ 2.5 என்று யாரும் உயர்த்திப் படிக்க மாட்டார்கள். மதிப்பெண் பட்டியல் பதிவாளர் அலுவலகத்திலிருந்து முறைப்படி வர வேண்டும். பார்க்கிங் அபராதமோ நூலகப் பாக்கியோ இருந்தால் சில கல்லூரிகள் அதை நிறுத்திவைக்கும். இருபது டாலர் அபராதத்தால் ஒரு விண்ணப்பம் செத்துப்போகலாம். ஆகவே பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது. சேவைக்கான சான்று நிறுவனத்தின் முகப்புத்தாளில், தேதியும் மணிக்கணக்கும் கையொப்பமும் போட்டு வர வேண்டும். 'நல்ல பெண், உதவி செய்வாள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய கடிதம் உதவாது. பரிந்துரைக் கடிதத்தில் இன்னொரு கண்ணி உண்டு. உறுப்பினரிடம்தான் வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தால், அவர் இந்த ஆண்டுச் சந்தா கட்டியவராக, அவர்கள் பேச்சில் 'ஃபைனான்ஷியல்' ஆக, இருக்க வேண்டும். அத்தை முப்பது வருட உறுப்பினர்தான், ஆனால் நான்கு வருடமாகச் சந்தா கட்டவில்லை என்றால் அவர் கடிதம் வெறும் காகிதம். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும். அம்மா உறுப்பினராக இருந்தால் மகளை 'லெகஸி' என்பார்கள். அது கதவைத் தட்ட உதவும். திறக்கும் என்று நம்பி மற்றத் தாள்களில் அலட்சியம் காட்டினால் கஷ்டம்.

பணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தேசிய அலுவலகக் கட்டணம், வட்டாரம், கிளை, பேட்ஜ் எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அழைப்பு வந்தபின் கட்ட அவகாசம் குறைவு. இந்தப் பணம் மணி ஆர்டராகவோ வங்கிக் காசோலையாகவோ சங்கத்தின் இணையவழியிலோதான் போகும். யாராவது ஒரு மூத்த மாணவி தன் கேஷ்-ஆப் (போனில் பணம் அனுப்பும் செயலி) கணக்குக்கு நூறு டாலர் அனுப்பச் சொன்னால் அது சங்கத்தின் கட்டணம் அல்ல. வேறு ஏதோ நடக்கிறது.

நேர்காணலில் எல்லாக் கிளையும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் நாங்கள்? 'சகோதரித்துவம்' என்று பதில் சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உள்ளுக்குள் கொட்டாவி விடுவார்கள். அந்தப் பதில் நான்கு சங்கத்துக்கும் பொருந்தும். பெயர் சொல்லிப் பேச வேண்டும். ஏ-கே-ஏ 1935-இல் தொடங்கிப் பல வருடம் கோடையில் மிசிசிப்பியின் ஏழைக் குத்தகை விவசாயிகளிடம் மருத்துவக் குழுவை அனுப்பியது. ஜீட்டா 1972 முதல் மார்ச் ஆஃப் டைம்ஸ் என்ற தாய்சேய் நல அமைப்போடு சேர்ந்து கர்ப்பிணிகளுக்கான 'ஸ்டார்க்ஸ் நெஸ்ட்' திட்டத்தை நடத்துகிறது. சிக்மா காமா ரோ, கறுப்பினக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்க யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் அமைப்போடு நீச்சல் திட்டம் நடத்துகிறது. தன் பிறந்த வருடத்தையே சேர்த்து அதற்கு 'ஸ்விம் 1922' என்று பெயர் வைத்திருக்கிறது. இதில் ஒன்றை எடுத்து, இந்த வளாகத்தில் இதை இப்படிச் செய்யலாம் என்று இரண்டு நிமிடம் பேசுகிறவளை யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

இனி அந்த ஓட்டை.

பழைய காலத்தில் சேர விரும்புகிறவர்கள் வாரக்கணக்கில், சில சமயம் ஒரு பருவம் முழுக்க, 'ப்ளெட்ஜ்' ஆக இருந்தார்கள். ஏ-கே-ஏவில் ஐவி, டெல்டாவில் பிரமிட், ஜீட்டாவில் ஆர்க்கோனியன், சிக்மா காமா ரோவில் அரோரா என்று அவர்களுக்குத் தனி மன்றமே இருந்தது. ஒரே மாதிரி உடுத்தி, வரிசையாக நடந்து, மூத்தவர்களுக்கு வணக்கம் சொல்லி, வரலாற்றை ஒப்பித்துக் கழிந்த நாட்கள் அவை. அதில் நட்பும் விளைந்தது, அடியும் உதையும் விளைந்தன. 1989-இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் ஆண்கள் சங்கம் ஒன்றில் சேர முயன்ற மாணவர் ஒருவர் இறந்துபோனார். 1990-இல் தேசிய அமைப்புகள் ஒன்றுகூடி ப்ளெட்ஜிங்கையே ஒழித்து, விண்ணப்பம், நேர்காணல், குறுகிய வகுப்புகள், சடங்கு என்ற இன்றைய முறையைக் கொண்டுவந்தன. காகிதத்தில் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் ஒரு பருவம் முழுக்கக் கிடைத்த பழக்கமும் நெருக்கமும் சில நாள் வகுப்புகளில் எப்படிக் கிடைக்கும்? அந்த இடம் காலியாகவே நின்றது. அதிகாரபூர்வ முறையில் மட்டும் வந்தவளை 'பேப்பர்' என்று இளக்காரமாகப் பேசும் வழக்கம் அப்போதுதான் வேர்விட்டது. ரகசியமாக அடிபட்டு வந்தவள் 'மேட்'. இந்த இரண்டு சொற்கள் செய்த கேடு கொஞ்சநஞ்சமல்ல.

தமிழ் வாசகருக்கு ராகிங் என்றால் உடனே புரியும். 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். அங்கே அதற்கு ஹேசிங் என்று பெயர். ஒரு வேறுபாடு முக்கியம்: ராகிங்கில் சிக்குகிறவன் கல்லூரிக்குப் படிக்க வந்தவன், தப்பிக்கத்தான் பார்ப்பான். ஹேசிங்கில் சிக்குகிறவள் தானாக வந்து கேட்கிறவள். நாளைக்குப் 'பேப்பர்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் அவளே கதவைத் தட்டுகிறாள். அதனால் 'அவள் சம்மதித்தாள்' என்ற சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களின் சட்டத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தின்படி, எந்த மாணவர் அமைப்பு ஹேசிங் விதியை மீறியது என்பதைக் கல்லூரிகள் அமைப்பின் பெயரோடு வெளியிட்டாக வேண்டும்.

ரகசிய வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள் எளிதானவை. விண்ணப்பமே திறக்காத மாதத்தில் ஏழெட்டுப் பெண்கள் நள்ளிரவுக்கு மேல் எங்கோ கூடுகிறார்கள். காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி வழிகிறார்கள். மூத்தவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தும் கார் ஓட்டியும் கைக்காசு கரைகிறது. கையில், தொடையில் காயம். கேட்டால் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்வார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பருவ முடிவில் மதிப்பெண் சரிகிறது, 2.5-க்குக் கீழே போய், எந்தச் சங்கத்துக்காக இத்தனை பாடுபட்டாளோ அதற்கே தகுதியில்லாமல் போகிறாள். இந்தக் கடைசிக் கொடுமையை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மாட்டினால் கிளையே வருடக்கணக்கில் இடைநீக்கம், தனி ஆட்களுக்கு வெளியேற்றம், மேலே வழக்கு.

ஹேசிங் கூடாது என்று படிவத்தில் கையெழுத்து வாங்கிவைப்பதால் மட்டும் இது நிற்காது. அடிபட்டால்தான் கிடைக்கும் என்று அவர்கள் நம்புகிற நெருக்கத்தை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும். அதிகாரபூர்வ வகுப்புகளை அதற்குத் தகுந்தபடி நடத்தலாம். பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவரும் பட்டதாரிக் கிளையின் ஆலோசகரும் ஒவ்வொரு அமர்விலும் கூடவே இருக்க வேண்டும். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் எதுவும் வேண்டாம். வருகைப் பதிவில் உள்ளே வந்த நேரம் மட்டும் அல்ல, வெளியே போன நேரமும் குறிக்கப்பட வேண்டும். பிற்பாடு பிரச்சினை என்று வந்தால் வெளியே போன நேரம் எழுதிய அந்தப் பத்திதான் கிளையைக் காப்பாற்றும்.

வரலாறு கற்பிப்பதில்தான் பல கிளைகள் சோம்பேறித்தனம் பண்ணுகின்றன. தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வது. பிறகு கத்தி ஒப்பிக்கச் சொல்வது. டெல்டாவின் நிறுவனர்கள் 22 பேர். ஏ-கே-ஏவின் 20 முத்துகள் (நிறுவனர்களை அப்படித்தான் சொல்வார்கள்) என்பது தொடங்கிய 9 பேர், சடங்கில்லாமல் சேர்த்துக்கொண்ட 7 இரண்டாமாண்டு மாணவிகள், 1913-இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்த 4 பேர் என மூன்று தொகுதி. தொகுதி தெரியாமல் இருபது பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவளை நடுவில் நிறுத்தி 'பதினோராவது யார்?' என்று கேட்டால் முதலிலிருந்து தொடங்குவாள். நாளுக்கு ஐந்து பெயர், பிழையில்லாமல் எழுதிக் காட்ட வேண்டும், மறுநாள் வரிசை மாற்றிக் கேட்க வேண்டும். ஐந்து நாளில் 22-ம் முடிந்துவிடும். ஜீட்டாவின் ஐவரில் மிர்ட்டில் டைலரும் வயோலா டைலரும் கூடப்பிறந்த அக்கா தங்கைகள் என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

கதையாகவும் சொல்ல வேண்டும். 1912-இல் ஹோவர்டின் ஏ-கே-ஏ மாணவிகள் பெயரையும் நிறத்தையும் சின்னத்தையும் மாற்றிச் சங்கத்தை அரசியல் பக்கம் திருப்ப நினைத்தார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றுவிட்ட நெல்லி குவாண்டர் ஒப்பவில்லை. மாணவிகள் 1913 ஜனவரி 13 அன்று டெல்டாவைத் தொடங்கினார்கள். குவாண்டர் அதே மாதம் 29-ஆம் தேதி ஏ-கே-ஏவைப் பதிவு செய்துவிட்டார். ஏழு வாரத்தில், மார்ச் 3 அன்று, டெல்டாக்கள் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று அமைப்பாளர்கள் சிலர் நினைத்த ஊர்வலம் அது. இந்தப் பிரிவுக் கதை இரண்டு வீட்டிலும் வேறுவேறு தொனியில் சொல்லப்படும். புதியவர்கள் அதைக் கேலிப்பாட்டாக்கி மேடையில் பாடிவிடுவார்கள். எதிரணியின் தரப்பையும் ஒருமுறை சொல்ல வைத்துப் பழக்கிவிட்டால் அந்த வம்பு குறையும்.

சின்னச் சின்ன நடைமுறைகளும் இந்த வகுப்பில்தான் வர வேண்டும்: கூட்டத்தில் தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, வரவு செலவுக் கணக்கு வாசிப்பது. யாருக்கும் பிடிக்காத பாடம். ஆறு மாதம் கழித்து இவர்களில் ஒருத்திதான் பொருளாளர்.

சடங்கு முடிந்தால் 'கிராஸ்' ஆயிற்று என்பார்கள். அதற்குப் பிறகு ஊரறிய நடக்கும் அறிமுக நிகழ்ச்சிதான் ப்ரோபேட். யூடியூபில் எல்லாரும் பார்ப்பது இதை. உயரவாரியாக, குட்டையானவள் முதலில். முதல் ஆள் 'ஏஸ்', கடைசி ஆள் 'டெயில்'. முகமூடியோடு, ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு மெதுவாக மிதித்து நடந்து வருவார்கள். வரலாறு சொல்லி, மற்றச் சங்கங்களுக்கு வணக்கம் வைத்து, ஒவ்வொருத்தியாக முகம் காட்டிப் பெயர், ஊர், படிப்பு, லைனில் கிடைத்த பட்டப்பெயர் சொல்வார்கள். பல வளாகங்களில் இதற்கு முன்அனுமதி, வசனப் பிரதி, நேர வரம்பு எல்லாம் உண்டு. கிராஸ் ஆன 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் லைன். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் அறிமுகமே 18 நிமிடம். நுழைவு 6, வரலாறு 8, வணக்கம் 4, ஸ்டெப், ஸ்ட்ரோல் என்ற தாள நடனங்கள் 12. மொத்தம் 48. கைதட்டலுக்கும் கூச்சலுக்கும் இடம் விட்டால் ஒரு மணி நேரம். முகம் காட்டும் நேரத்தை ஆளுக்கு மூன்று நிமிடம் என்று விட்டுவிட்ட கிளைகள், கடைசி நான்கு பேரை விளக்கு அணைக்கும் நேரத்தில் அவசர அவசரமாக அறிமுகம் செய்யும். பாவம், டெயிலின் பாட்டி மூன்று மாநிலம் தாண்டி வந்திருப்பாள்.

வணக்கம், சங்கங்கள் நிறுவப்பட்ட வரிசையில்தான் போக வேண்டும்: ஆல்ஃபா 1906, ஏ-கே-ஏ 1908, பிறகு கப்பா, ஒமேகா, டெல்டா, சிக்மா, ஜீட்டா, சிக்மா காமா ரோ, கடைசியில் 1963-இன் அயோட்டா. (ஆல்ஃபா, கப்பா, ஒமேகா, சிக்மா, அயோட்டா ஐந்தும் ஆண்கள் சங்கங்கள்.) சறுக்குமிடம் 1911. கப்பாவும் ஒமேகாவும் ஒரே வருடம். கப்பா ஜனவரி, ஒமேகா நவம்பர். மாற்றிச் சொன்னால் முன்வரிசையில் இருப்பவர்கள் அன்றைக்கே சொல்லிக்காட்டுவார்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டும். தொண்டையால் கத்தினால் நான்காம் நாள் குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கப் பழக்கி, கடைசி இரண்டு நாள் முழுச்சத்த ஒத்திகையை நிறுத்திவிட வேண்டும். சிமெண்டுத் தரையில் நாள்தோறும் மிதித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும். மரத்தரை உள்ள அறை கிடைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மேடையில் போடப் போகும் பூட்ஸைக் கடைசி நாளில் வாங்கிக் காலைக் கொப்புளமாக்கிக்கொள்ளாமல் இரண்டாம் வாரத்திலிருந்தே போட்டுப் பழக வேண்டும். லைனில் அசையாமல் நிற்கும்போது முழங்காலை விறைத்து நிற்கக் கூடாது. ரத்தம் காலிலேயே தேங்கும், முகமூடிக்குள் வெக்கை வேறு. சாய்ந்து விழுந்தால் ஒட்டி நிற்கிற மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு விழுவாள். லேசாக மடக்கி நிற்கச் சொல்ல வேண்டும், ஒத்திகையிலேயே.

இன்னொரு ஆபத்து அம்மாக்கள். முகம் காட்டும்வரை யார் யார் என்பது ரகசியம். பெருமை தாங்காத ஓர் அம்மா முந்தைய நாளே ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிட்டால் போச்சு. வீட்டுக்குத் தேதி சொல்லும்போதே இதையும் அழுத்திச் சொல்லிவிட வேண்டும். லைன் ஜாக்கெட்டும் அப்படித்தான்: தையலுக்கு வாரங்கள் ஆகும், ஆனால் கிராஸ் ஆகும் முன்பே ஆர்டர் கொடுத்தால் உறுப்பினர் ஆகாதவள் சங்கத்தின் எழுத்துகளை வாங்கியதாக ஆகும். ஜாக்கெட் தாமதமாக வரட்டும்.

பட்டம் பெற்ற பிறகு பட்டதாரிக் கிளை வழியாகச் சேர்கிறவர்களும் ஏராளம். முப்பதிலும் ஐம்பதிலும் சேர்கிறார்கள். அங்கே ப்ரோபேட் ஆரவாரம் குறைவு, குழு வேலை அதிகம்.

ப்ரோபேட் முடிந்த வாரத்தில்தான் புதியவர்கள் நழுவத் தொடங்குவார்கள். சட்டையை மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு 'டி-ஷர்ட் வேரர்' என்று வசைப் பெயரே இருக்கிறது. ப்ளெட்ஜிங்கோடு போன நெருக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய நேரமும் இதுதான். இப்போது எல்லாரும் சம உறுப்பினர்கள், ஒளிக்க எதுவும் இல்லை. முதல் எட்டு வாரத்துக்கு மூன்று வேலை போதும். ஒவ்வொருத்தியும் வெவ்வேறு பத்தாண்டில் சேர்ந்த மூன்று மூத்தவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, ஒரு பக்கம் எழுதிக் கிளைக்குக் கொடுப்பது. லைன் முழுவதும் சேர்ந்து ஒரு சேவை நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் ரசீதுவரை தாங்களே நடத்துவது. அதில் மூத்தவர்கள் தாமாகத் தலையிடாமல், தங்களைக் கேட்டால் மட்டும் வாய் திறக்க வேண்டும். ஆளுக்கொரு பொறுப்பாளருக்கு உதவியாளாகப் போவது. 1986-இல் சேர்ந்த ஒரு பெண்மணியிடம் ஒரு மணி நேரம் கதை கேட்டு வந்தவளை 'பேப்பர்' என்று சொல்ல யாருக்கும் சட்டென்று வாய் வராது.

வருகைப் பதிவுகள், பணம் கட்டிய ரசீதுகள், கையெழுத்துப் போட்ட படிவங்கள், அந்த ஒரு பக்கக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வருடம் எழுதி வைத்துவிட வேண்டும். அடுத்த இன்டேக்குக்கு அனுமதி கேட்டு எழுதும்போது ஆலோசகர் முதலில் அதைத்தான் கேட்பார். கேட்கும்போது அதை எடுத்து வந்து கொடுக்கிறவள் இந்த லைனில் வந்த ஒருத்தியாக இருப்பாள்.